மடக்கை வரைபும் தரவுப் போதுமையும்: புதிதாகத் தொடங்குவோருக்கு

ஒரு தோட்டத்தில் விளையும் தேயிலை உயர்நிலத் தேயிலையா என்று நம்மிடம் கேட்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். இலங்கையில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1200 மீற்றருக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை; 600 மீற்றருக்கும் 1200 மீற்றருக்கும் இடைப்பட்டது இடைநிலத் தேயிலை; அதற்கும் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. தோட்டத்தின் பெயர் நமக்குச் சொல்லப்படவில்லை. இரண்டு கூற்றுகள் மட்டும் தரப்படுகின்றன; உறுதியாக விடை சொல்ல அவை போதுமா என்று பார்க்க வேண்டும். தோட்டம் 900 மீற்றருக்கு மேலே உள்ளது என்பது முதற்கூற்று. 1100 மீற்றருக்குக் கீழே உள்ளது என்பது இரண்டாங்கூற்று. முதற்கூற்றை மட்டும் வைத்துக்கொண்டால், அது நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமாகவும் இருக்கலாம், 1000 மீற்றரில் உள்ள இடைநிலத் தோட்டமாகவும் இருக்கலாம். ஆகவே ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டாங்கூற்றை மட்டும் வைத்துக்கொண்டால், அது எந்தத் தோட்டமாக இருந்தாலும் உயர்நிலத் தோட்டமாக இருக்க முடியாது. ஆகவே விடை "இல்லை" என்று உறுதியாகிவிடுகிறது. புதிதாக வரும் மாணவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் முதல் தடவை சறுக்குகிறார்கள். "இல்லை என்று வந்துவிட்டதே, அப்படியானால் கூற்றுப் போதாது" என்று எழுதிவிடுகிறார்கள். உறுதியான "இல்லை" என்பதும் முழுமையான விடைதான். "இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்பது மட்டுமே போதாமை.

தரவுப் போதுமை வினா என்பது இவ்வளவுதான். ஒரு கேள்வியும் அதன் கீழே இரண்டு கூற்றுகளும் தரப்படும். விடையைக் கண்டுபிடிக்கும்படி யாரும் கேட்பதில்லை, கண்டுபிடிப்பதற்குத் தரப்பட்டவை போதுமா என்றே கேட்கிறார்கள். வணிக முகாமைத்துவப் பட்டமேற்படிப்புக்கு எழுதும் ஜீமாட் பரீட்சையின் மூலம் இவ்வகை வினா பலருக்கும் அறிமுகமாயிற்று. அப்பரீட்சையில் மடக்கை கேட்கப்படுவதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது. ஆனாலும் ஹற்றனில் மாலை வகுப்புக்கு வரும் உயர்தர இணைந்த கணித மாணவருக்கு நான் இவ்விரண்டையும் சேர்த்தே கொடுக்கிறேன். ஏனெனில், மடக்கைக் கணக்கைப் பிழையின்றிச் செய்து முடித்தும் அதன் வரைபு என்ன சொல்கிறது என்று அறியாதிருக்கும் பிள்ளையை, இத்தகைய வினா இரண்டே நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

குறியீடுகளை முதலில் பேசி முடித்துக்கொள்வோம். கிடையச்சு வழியே அளக்கும் தூரத்தை க என்றும், உயரத்தை உ என்றும், மடக்கையின் அடியை அ என்றும் எழுதுகிறேன். கொப்பியில் அடியைச் சிறிதாக்கிக் கீழே இறக்கி எழுதுவோம். இங்கே அதைச் சதுர அடைப்புக்குள் இடுகிறேன். ஆகவே உ = மட[அ] க என்றால், அ ஐ உ ஆம் வலுவுக்கு உயர்த்தினால் க கிடைக்கும் என்று பொருள்; மட[2] 8 = 3. புள்ளி (9, 2) என்றால் கிடையாக 9, உயரமாக 2.

முதற்படி: வளைகோட்டின் குணத்தை அறிதல்

அடி அ எப்போதும் நேர் எண். அது 1 ஆக இருக்க முடியாது. க உம் நேராகவே இருக்க வேண்டும், ஆகையால் வளைகோடு முழுவதும் நிலையச்சுக்கு வலப்புறத்திலேயே இருக்கும். நிலையச்சை நெருங்கிக்கொண்டே போகுமேயன்றி அதைத் தொடாது. அ எதுவாக இருந்தாலும் அதன் பூச்சிய வலு 1 ஆகையால், எல்லா மடக்கை வளைகோடுகளும் (1, 0) வழியாகவே செல்லும். அ இன் முதலாம் வலு அதுவே ஆகையால் (அ, 1) என்ற புள்ளியும் வளைகோட்டில் இருக்கும். அதாவது, உயரம் 1 ஆகும் இடத்தில் கீழே பார்த்தால் அடி எவ்வளவு என்று கிடையச்சிலேயே வாசித்துவிடலாம். அ 1 இலும் பெரிதானால் வளைகோடு ஏறும். 0 இற்கும் 1 இற்கும் இடைப்பட்டதானால் இறங்கும்.

(1, 0) என்ற இந்தப் பொதுப்புள்ளி மடக்கையோடு கூடப் பிறந்ததன்று. மடக்கையைக் கண்டுபிடித்த ஜோன் நேப்பியர் 1614 இல் வெளியிட்ட அட்டவணையில் பூச்சிய மடக்கையைப் பெற்ற எண் 1,00,00,000 ஆகும். 1615 இல் ஹென்றி பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் அவரைத் தேடி எடின்பரோவுக்குப் போய்ப் பேசிய பின்னரே, 1 இன் மடக்கை பூச்சியமாகவும் 10 இன் மடக்கை 1 ஆகவும் இருக்கட்டும் என்ற ஏற்பாடு உருவாயிற்று. சாதாரண தரத்தில் நாம் புரட்டிய மடக்கை அட்டவணை அந்த ஏற்பாட்டின் வழிவந்ததே.

அட்டவணையைச் சொன்னதால் ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். 0.2 இன் மடக்கையை அட்டவணை வழியாக எழுதும்போது 1 இன் மேலே கோடிட்டு, "பார் 1 புள்ளி 3010" என்று எழுதுவோம். அதில் 1 மட்டுமே மறை; .3010 நேர். ஆகவே உண்மையான பெறுமானம் −1 + 0.3010, அதாவது −0.6990. இதை −1.3010 என்று எடுத்து வரைபில் புள்ளி வைத்த பிள்ளைகளின் வளைகோடு அந்த இடத்தில் திடீரெனப் பள்ளத்தில் விழுந்ததை நான் எத்தனையோ கொப்பிகளில் பார்த்திருக்கிறேன். உயர்தரத்துக்கு வந்தவுடன் அந்தக் கோட்டு முறையை மறந்துவிட்டு மறை எண்ணாகவே எழுதப் பழகுவது நல்லது.

வளைகோடு எவ்வளவு மெல்ல ஏறும் என்பதை ஒரு தடவை உடம்பால் உணர்வதும் நல்லது. அடி 2 ஐ எடுத்துக்கொள்வோம். க ஆனது 1, 2, 4, 8 என இரட்டித்துப் போக, உ ஆனது 0, 1, 2, 3 என ஒவ்வொன்றாகவே கூடும். ஓர் அலகுக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று வரைந்தால், பத்துச் சென்ரிமீற்றர் உயரத்தை அடைய 1024 சென்ரிமீற்றர் வலப்புறம் போக வேண்டும். அது பத்து மீற்றருக்கும் மேல். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பத்தடி அகலமுள்ள மூன்று காம்பராக்களை, அதாவது அறைகளை, தாண்டி நான்காவது காம்பராவின் சுவரில்தான் வளைகோடு அந்த உயரத்தைத் தொடும். ஆனாலும் அது மட்டமாவதில்லை. ரம்பொடை ஏற்றத்தில் பஸ் முக்கி முனகிக்கொண்டு போனாலும் ஏறிக்கொண்டே இருப்பது போல, நீங்கள் கேட்கும் எந்த உயரத்தையும் அது என்றாவது ஒருநாள் அடைந்தே தீரும்.

வகுப்பில் நான் செய்து காட்டுவது ஒன்றுண்டு. ஈர்க்குமாற்றிலிருந்து நன்கு வளையும் நீண்ட ஈர்க்கு ஒன்றை உருவிக்கொள்வேன். காட்போட் மட்டையில் வரைபுத்தாளை ஒட்டி, (1, 0) இல் ஒரு குண்டூசியைக் குத்தி, ஈர்க்கை அந்த ஊசியில் நூலால் தளர்வாகக் கட்டுவேன். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஈர்க்கின் வலது நுனியைப் பிடிக்கச் சொன்னால், அவள் அதை மேலே தூக்கலாம், கீழே இறக்கலாம், கிடையச்சுக்குக் கீழே கொண்டுபோய் இறங்கும் வளைகோடாகவும் ஆக்கலாம். ஊசி குத்திய இடம் மட்டும் அசையாது. பிறகு (4, 2) இல் இன்னோர் ஊசியைக் குத்தி ஈர்க்கை அதற்கு மேலே வைக்கச் சொல்வேன். அவள் கைக்கு இப்போது வேலையில்லை, ஈர்க்கு பிடிபட்டுவிட்டது. ஈர்க்கின் வளைவு சரியான மடக்கை வளைவன்று என்பது எனக்கும் தெரியும், ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் காரணம் சரியானது. மட[அ] க என்பது மட[10] க ஐ மட[10] அ என்ற ஒரே எண்ணால் வகுத்ததற்குச் சமம். அதாவது, எல்லா மடக்கை வளைகோடுகளும் ஒரே வளைகோட்டை மேலும் கீழும் இழுத்தோ, தலைகீழாகக் கவிழ்த்தோ பெறப்பட்டவையே. சாதாரண மடக்கை வளைகோட்டில் தளர்ந்திருக்கும் திருகாணி ஒன்றே ஒன்றுதான், அது அடி அ. அந்தத் திருகாணியை இறுக்குகிறதா என்று பார்ப்பதே கூற்றைச் சோதிப்பது.

இரண்டாம்படி: எந்த ஒழுங்கில் சோதிப்பது

விடைத் தெரிவுகள் எப்போதும் ஐந்து. முதற்கூற்று மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதாது என்றால் ஏ. இரண்டாங்கூற்று மட்டும் போதும், முதலாவது மட்டும் போதாது என்றால் பி. தனித்தனியே போதாது, இரண்டும் சேர்ந்தால் போதும் என்றால் சி. ஒவ்வொன்றும் தனித்தே போதும் என்றால் டி. சேர்த்தாலும் போதாது என்றால் ஈ. முதற்கூற்றைத் தனியே பாருங்கள். பிறகு அதை மறந்துவிட்டு இரண்டாவதைத் தனியே பாருங்கள். இரண்டும் தனித்துப் போதவில்லை என்றால் மட்டுமே சேர்த்துப் பாருங்கள்.

"மறந்துவிட்டு" என்று சொல்வது எளிது. பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் எழுதிய ஒரு போட்டிப் பரீட்சையில், முதற்கூற்றில் கிடைத்த அடி தலைக்குள்ளேயே தங்கியிருக்க, அதை அறியாமலே இரண்டாங்கூற்றிலும் பயன்படுத்தி, சி என்று வர வேண்டிய மூன்று வினாக்களுக்கு பி என்று குறித்துவிட்டு வந்தேன். மண்டபத்தை விட்டு வெளியே வந்து பஸ்ஸில் இருக்கும்போதுதான் உறைத்தது. அன்று கையிலிருந்த பஸ் டிக்கட்டைப் பார்த்துத்தான் இப்போது மாணவருக்குச் சொல்லும் வழி தோன்றியது: இரண்டாங்கூற்றைப் படிக்கும்போது முதற்கூற்றை ஒரு துண்டுக் கடதாசியால் மூடிவிடுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம், ஆனால் பயன்படுகிறது.

மூன்றாம்படி: முரண்படும் இரண்டு வளைகோடுகளைத் தேடுதல்

ஒரு கூற்றுப் போதாது என்று காட்ட நீண்ட நிறுவல் தேவையில்லை. அக்கூற்றுக்கு உடன்படுகின்ற, ஆனால் கேள்விக்கு வெவ்வேறு விடை தருகின்ற இரண்டு வளைகோடுகளை வரைந்துவிட்டால் வேலை முடிந்தது. வரைய முயன்று முடியவில்லையென்றால், ஏன் முடியவில்லை என்று கேளுங்கள். அந்தக் காரணமே போதுமைக்கான நிறுவலாகும். இந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் மீதி எல்லாம் பயிற்சிதான்.

முதல் உதாரணம். உ = மட[அ] க என்ற வளைகோடு ஏறுகிறதா? முதற்கூற்று: வளைகோடு கிடையச்சை க = 1 இல் வெட்டுகிறது. இரண்டாங்கூற்று: க = 1/3 ஆகும்போது உயரம் மறை எண். முதற்கூற்று ஈர்க்கின் முதல் ஊசியைத்தான் திரும்பச் சொல்கிறது. அடி 2 உம் அதற்கு உடன்படும், அடி 1/2 உம் உடன்படும். அது பொய்யன்று, ஆனால் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாங்கூற்றில், 1 இற்கு இடப்புறத்தில் வளைகோடு கிடையச்சுக்குக் கீழே உள்ளது. 1 இல் அது அச்சைத் தொடுகிறது. ஆகவே இடமிருந்து வலமாக ஏறியே வந்திருக்க வேண்டும். அடி எவ்வளவு என்று நமக்குத் தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. விடை பி.

இரண்டாம் உதாரணம். அதே வளைகோட்டில் அ இன் பெறுமானம் என்ன? முதற்கூற்று: வளைகோடு (9, 2) வழியாகச் செல்கிறது. இரண்டாங்கூற்று: (1/27, −3) வழியாகச் செல்கிறது. முதலாவதிலிருந்து அ இன் வர்க்கம் 9. இங்கே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே அதிகம் தவறுகிறார்கள்: "வர்க்கமூலத்துக்கு இரண்டு விடை உண்டு, 3 உம் −3 உம், ஆகவே போதாது" என்கிறார்கள். அடி மறை எண்ணாக இருக்க முடியாது என்பது கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது. மடக்கை என்று எழுதியவுடனேயே அந்த நிபந்தனை வந்துவிட்டது. ஆகவே 3 மட்டுமே. இரண்டாவதிலும் 3 தான் வரும். விடை டி. இதில் வேறொரு நன்மையும் உண்டு: ஒழுங்காக அமைக்கப்பட்ட வினாவில் இரண்டு கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரண்படா. தனித்தனியே பார்த்து ஒன்றில் 3 உம் மற்றதில் 5 உம் வந்தால், பிழை வினாவில் அன்று, நம் கையில்தான் இருக்கும்.

நான்காம்படி: இரண்டாவது திருகாணி

வளைகோட்டை வலப்புறமாக ந தூரம் நகர்த்திவிட்டால் சமன்பாடு உ = மட[அ] (க − ந) என்றாகும். அணுகுகோடு, அதாவது வளைகோடு நெருங்கிக்கொண்டே போயும் தொடாத கோடு, இப்போது க = ந இல் இருக்கும்; கிடையச்சை வெட்டும் இடம் ந + 1 ஆகும். தளர்ந்த திருகாணிகள் இப்போது இரண்டு.

அ எவ்வளவு என்று கேட்டு, முதற்கூற்றில் அணுகுகோடு க = 2 என்றும் இரண்டாங்கூற்றில் வளைகோடு (7, 1) வழியாகச் செல்கிறது என்றும் தந்தால், முதலாவது ந ஐ மட்டும் இறுக்குகிறது; இரண்டாவது 7 − ந = அ என்ற தொடர்பை மட்டும் தருகிறது; சேர்த்தால் அ = 5. விடை சி. இதே வினாவில் இரண்டாங்கூற்றை மட்டும் மாற்றி, "வளைகோடு கிடையச்சை க = 3 இல் வெட்டுகிறது" என்று வைத்துப் பாருங்கள். பார்வைக்கு இன்னொரு புதிய செய்தி போலத் தெரிகிறது. ஆனால் வெட்டும் இடம் ந + 1 ஆகையால் அதுவும் ந = 2 என்றுதான் சொல்கிறது. ஒரே ஆள் இரண்டு சட்டை போட்டு வந்திருக்கிறார். அ இன் திருகாணி இன்னும் தளர்ந்தே கிடக்கிறது, விடை ஈ.

இவ்வளவும் பார்த்தவுடன் மாணவர் ஒரு சூத்திரத்தைத் தாமாகவே எழுதிக்கொள்வார்கள்: தெரியாக் கணியங்கள் இரண்டு, வெவ்வேறான செய்திகள் இரண்டு, ஆகவே போதும். நேர்கோடுகளில் அது பெரும்பாலும் சரிவரும். மடக்கையில் அதை நம்பினால் ஏமாற்றமே கிடைக்கும். இந்த வினாவைப் பாருங்கள். இதைக் கரும்பலகையில் எழுதும் நாளில் வகுப்பில் ஒருவரும் நேரத்தோடு வீட்டுக்குப் போனதில்லை.

உ = மட[அ] (க − ந) என்ற வளைகோட்டில் அ எவ்வளவு? முதற்கூற்று: வளைகோடு (1, 1) வழியாகச் செல்கிறது. இரண்டாங்கூற்று: வளைகோடு (13/16, 2) வழியாகச் செல்கிறது.

முதலாவது தருவது 1 − ந = அ. இரண்டாவது தருவது 13/16 − ந = அ இன் வர்க்கம். தனித்தனியே போதா என்பது தெளிவு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ந நீங்கிவிடும்; அ இலிருந்து அ இன் வர்க்கத்தைக் கழித்தால் 3/16 என்று கிடைக்கும், அதாவது அ × (1 − அ) = 3/16. இதற்கு அ = 1/4 உம் பொருந்தும், அ = 3/4 உம் பொருந்தும். இரண்டும் நேர் எண்கள், இரண்டும் 1 அல்ல, ஆகவே இரண்டும் அடியாக இருக்கத் தகுதியுடையவை. முதலாவதில் ந = 3/4, இரண்டாவதில் ந = 1/4. சரிபார்ப்போம்: அடி 1/4 ஆகும்போது 13/16 − 12/16 = 1/16, அது 1/4 இன் வர்க்கம்; அடி 3/4 ஆகும்போது 13/16 − 4/16 = 9/16, அது 3/4 இன் வர்க்கம். இரண்டு வெவ்வேறு வளைகோடுகள் அதே இரண்டு ஊசிகள் வழியாகவும் போகின்றன. விடை ஈ.

ஏன் இப்படி ஆயிற்று என்பதை வரைபே சொல்லும். இரண்டாம் புள்ளி முதற்புள்ளிக்கு இடப்புறம் இருந்தும் உயரம் கூடியிருக்கிறது; ஆகவே வளைகோடு இறங்கும் வகை, அ ஆனது 0 இற்கும் 1 இற்கும் இடையில் உள்ளது. அந்த இடைவெளியில் அ × (1 − அ) என்பது 1/2 ஐ நடுவாகக் கொண்டு இருபுறமும் ஒத்திருக்கும் பரவளைவு. ஆகையால் ஒரே பெறுமானத்தை இரண்டு இடங்களில் எடுக்கும். கிடைத்தூர வித்தியாசம் சரியாக 1/4 ஆக இருந்தால் மட்டும் உச்சியைத் தொட்டு அ = 1/2 என்று ஒரே விடை வரும். மாறாக, கூற்றுகள் (2, 1), (4, 2) என்ற புள்ளிகளைத் தந்திருந்தால், இரண்டாம் புள்ளி வலப்புறத்தில் இருப்பதால் வளைகோடு ஏறும் வகை, அ இன் வர்க்கத்திலிருந்து அ ஐக் கழித்தால் 2 வர வேண்டும், 2 உம் −1 உம் என்று வரும் மூலங்களில் −1 அடியாக முடியாது, விடை சி. ஆகவே உயரம் 1 உம் 2 உம் தந்து அ ஐக் கேட்டால், நான் முதலில் பார்ப்பது இரண்டாம் புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை. வலம் என்றால் கணக்கே செய்யாமல் சி என்று குறித்துவிடலாம். இடம் என்றால் பேனையை எடுக்க வேண்டும்.

ஐந்தாம்படி: இரண்டு வளைகோடுகளை ஒப்பிடுதல்

உ = மட[அ] க என்றும் உ = மட[இ] க என்றும் இரண்டு வளைகோடுகள் உள்ளன. அ ஆனது இ இலும் சிறிதா? முதற்கூற்று: க = 5 இல் முதல் வளைகோடு இரண்டாவதுக்கு மேலே உள்ளது. இரண்டாங்கூற்று: இரண்டு வளைகோடுகளும் ஏறுகின்றன.

ஏறும் வளைகோடுகள் இரண்டில் எது 1 இற்கு வலப்புறம் மேலே இருக்கும்? உயரம் 1 ஐ முந்தி அடைவது, அதாவது சிறிய அடியைக் கொண்டது. இந்த நினைவோடு முதற்கூற்றைப் பார்க்கும் மாணவர் உடனே "அ சிறிது, போதும்" என்று குறித்துவிடுவார். ஆனால் அடிகள் 2 உம் 3 உம் என்றால் "ஆம்". முதலடி 2, இரண்டாவது 1/2 என்றால் முதல் வளைகோடு அச்சுக்கு மேலே, இரண்டாவது கீழே, கூற்று உண்மை, ஆனால் விடை "இல்லை". முரண்படும் சோடி கிடைத்துவிட்டது. இரண்டாங்கூற்றுத் தனியே ஒன்றும் சொல்வதில்லை. சேர்த்தால் உறுதி, விடை சி. இரண்டும் ஏறுகின்றன என்பதற்குப் பதிலாக இரண்டும் இறங்குகின்றன என்று தந்திருந்தாலும் விடை மாறாது. இரண்டும் ஒரே போக்கில் போகின்றன என்பதுதான் இங்கே தேவைப்படும் செய்தி. 1/4, 1/2 என்ற அடிகளை எடுத்து வரைந்து பார்த்தால் நம்பிக்கை வரும்.

வினாவோடு படம் தந்திருந்தால், அதன் வடிவத்தை நம்பலாம், அளவை நம்பக்கூடாது. ஏறுகிறதா இறங்குகிறதா என்பது வடிவம். "உயரம் 1 கிட்டத்தட்ட 3 இல் வருவது போலிருக்கிறது" என்பது கண்ணளவு.

ஆறாம்படி: எழுதும் முறை வளைகோட்டை மாற்றும் இடம்

க இன் பெறுமானம் என்ன? முதற்கூற்று: க இன் வர்க்கத்தை எடுத்து அதற்கு 10 அடியில் மடக்கை கண்டால் 2 வரும். இரண்டாங்கூற்று: க இன் மடக்கையை 10 அடியில் கண்டு அதை இரட்டித்தால் 2 வரும். வலுவை முன்னே கொண்டுவரலாம் என்ற விதியைப் பாடமாக்கிய மாணவர் இரண்டும் ஒன்றே என்று சொல்லி டி என்று எழுதுவார். வரைபை வரைந்தால் வேறுபாடு கண்ணுக்கு முன்னால் நிற்கும். முதலாவதில் க மறையாக இருந்தாலும் வர்க்கம் நேராகிவிடுவதால், விரித்து வைத்த கொப்பி போல நிலையச்சின் இருபுறமும் இரண்டு கிளைகள் இருக்கும். உயரம் 2 என்ற கோடு அவற்றை 10 இலும் −10 இலும் வெட்டும். இரண்டாவதில் வலக்கிளை மட்டுமே உண்டு, 10 மட்டுமே. விடை பி. அந்த விதி பிழையன்று. க நேராக இருக்கும்போது மட்டும் அது செல்லும் என்ற வாலைப் பாடமாக்கும்போது நாம் விட்டுவிடுகிறோம்.

கடைசியாக, தோட்டத்துக்கே திரும்பி வந்து ஒரு வினா. மண்ணின் பீ.எச். பெறுமானம் என்பது ஐதரசன் அயன் செறிவின் 10 அடி மடக்கையை மறையாக்கியது. ஆகவே அதன் வளைகோடு இறங்குவது, செறிவு பத்து மடங்கானால் பீ.எச். சரியாக 1 குறையும். தேயிலைக்கு ஏற்ற மண்ணின் பீ.எச். 4.5 முதல் 5.5 வரை என்று சொல்வார்கள். இரண்டு மலைகளின் மண்ணும் இந்த எல்லைக்குள் உள்ளனவா? முதற்கூற்று: முதல் மலை மண்ணில் ஐதரசன் அயன் செறிவு இரண்டாம் மலை மண்ணில் உள்ளதைப் போல 25 மடங்கு. இரண்டாங்கூற்று: இரண்டாம் மலை மண்ணின் பீ.எச். 5.3.

முதற்கூற்றில் எந்த மலையின் பீ.எச். பெறுமானமும் தரப்படவில்லை. ஆகையால் "எண்ணே இல்லையே" என்று அதைத் தள்ளிவிடுவார்கள். ஆனால் 25 ஆனது 10 இலும் பெரிது. ஆகவே இரு பெறுமானங்களுக்கும் இடையிலான வித்தியாசம் 1 இலும் அதிகம். எல்லையின் அகலமோ 1 மட்டுமே. இரண்டும் ஒருசேர அதற்குள் அடங்க முடியாது. விடை "இல்லை" என்று உறுதி. 25 இன் மடக்கை எவ்வளவு என்று அட்டவணையைத் திறக்கவும் தேவையில்லை. இரண்டாங்கூற்றில் இரண்டாம் மலை எல்லைக்குள் இருக்கிறது, முதல் மலையைப் பற்றித் தகவல் இல்லை, போதாது. விடை ஏ.

இனி 25 ஐ 8 ஆக மாற்றுங்கள். வித்தியாசம் 1 இலும் குறைவு. இரண்டு மலைகளும் உள்ளே இருக்கவும் கூடும், இல்லாமலும் போகலாம். முதற்கூற்றுத் தனித்துப் போதாமற் போகிறது. சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் மடக்கை அட்டவணை தேவைப்படும்: 8 இன் மடக்கை 0.9031, 5.3 இலிருந்து அதைக் கழித்தால் 4.4 இற்கும் சற்றுக் கீழே வருகிறது. முதல் மலை எல்லைக்கு வெளியே. விடை சி.